வாழை மாப்பிள்ளை

“உங்க அத்தை எந்தக் கான்வென்ட்?” என்று ரொட்டிக் கடைக்காரம்மா ஒருமுறை பத்மாவைக் கேட்டாள். வெள்ளைச் சல்வார், வெள்ளைக் கமீஸ், தலையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. சிட்னியில், ஆஷ்ஃபீல்ட் தெருவில், இப்படி ஒருத்தி கையை வீசிக்கொண்டு நடந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ரயிலில் எழுந்து இடம் கொடுப்பார்கள். வயதான ஐரிஷ்காரிகள் “மார்னிங், சிஸ்டர்” என்பார்கள். பத்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, வேதவல்லி அத்தை கயிறு திரிப்பதை நிறுத்தாமலே சிரித்தாள்.

“கராஜ் கான்வென்ட்னு சொல்லு. ஒரே ஒரு சிஸ்டர். புதுசா ஆள் எடுக்கறதில்லைன்னும் சொல்லிடு.”

அந்த வெள்ளைக் கமீஸைத்தான் இப்போது பத்மா சமையலறை மேசையில் போர்வை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முந்தாநாள் விடியற்காலையில் கராஜிலிருந்து பாராயணச் சத்தம் கேட்கவில்லையே என்று போய்ப் பார்த்தபோது, அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தாள். இதயம் என்று சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டார். உடலை எடுத்துப் போன சவ அடக்க நிறுவனத்து ஆட்கள் இன்று முற்பகலில் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு எரியூட்ட எடுத்துப் போவார்கள். “உடுத்தி விடறதை நாங்களே பாத்துக்கறோம்” என்று அப்பா நரசிம்மன் அவர்களிடம் சொன்னபோது பத்மாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அதற்குள் வேறொரு திட்டம் இருந்தது அப்போது அவளுக்குத் தெரியாது.

அம்மா கல்யாணி உள்ளே வந்தாள். கையில் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை, மடிப்புக் கலையாமல். பத்மாவின் கல்யாணத்துக்கென்று காஞ்சிபுரத்தில் எடுத்து, கப்பலேறி வந்து, பீரோவில் கிடந்தது.

“இதுக்கும் ஒரு தேய்ப்புப் போடு.”

“இது எதுக்கும்மா இப்போ?”

“அத்தைக்கு.”

பத்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அத்தை சிவப்புக் கட்டி நான் பாத்ததே இல்லையே.”

“உயிரோட இருந்தப்போ கட்டலை. அதனாலதான் இப்போ கட்டணும்.”

சிவனேஸ்வரி அன்ரி அடுக்களை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பிளாஸ்கில் தேநீரும் ஒரு சட்டி சோறும் கொண்டுவந்திருந்தாள். புடவையைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

“என்ன கல்யாணி அக்கா, செத்தவீட்டில கூறைச்சீலையோ?”

“எங்க ஊர் வழக்கம் சிவனேஸ்வரி. கல்யாணம் ஆகாம ஒரு பொம்பளை செத்துட்டா அப்படியே எடுக்க மாட்டாங்க. வாழைக்கு ஒரு தாலி கட்டி, அதே கயித்தை அவ கழுத்துல கட்டி, பொட்டு வெச்சு, சுமங்கலியா அனுப்புவாங்க. அப்புறந்தான் நெருப்பு.”

“அப்ப வாழைதான் மாப்பிள்ளையோ?” அன்ரி வாயைப் பொத்திக்கொண்டாள். “குறை நினைக்காதேங்கோ. எங்கட வீட்டுப் பக்கம் நான் உப்பிடி ஒண்டும் கண்டதில்லை.”

“ஊருக்கு டிரங்கால் போட்டு எங்கண்ணனைக் கேட்டுட்டேன். கன்னியாப் போனவ திருப்தியாப் போக மாட்டாளாம். வீட்டுல இருக்கற இன்னொரு கன்னிப் பொண்ணு மேலதான் கண்ணை வெப்பாளாம்.” கல்யாணி பத்மாவைப் பார்க்காமல் புடவையின் கரையைத் தடவினாள். “இருபத்தி நாலு முடிஞ்சாச்சு. வந்த இடமெல்லாம் தட்டிப் போகுது. எல்லாம் உனக்காகத்தாண்டி.”

பத்மா வழக்கமாக எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. வேலை பார்க்கும் அலுவலகத்திலேகூட, தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாளென்றே மற்றவர்கள் மறந்துபோகிற அளவுக்கு அமைதி. அவள் கமீஸை மடித்தாள். அதன்மேல் தலைத்துணியை மடித்து வைத்தாள். சிவப்புப் புடவையைத் தொடவில்லை.

“நான் இதைத் தேய்க்க மாட்டேம்மா” என்றாள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் கராஜுக்குப் போய்விட்டாள்.

கராஜில் காரை விட்டு நான்கு வருடமாயிற்று. அத்தை தானே பின்னிய கயிற்றுக் கட்டில், ஒரு மண்பானை, சுவரோரம் ஆணி டப்பாக்கள் அடுக்கிய அப்பாவின் பழைய மர மேடை. அவ்வளவுதான். வேதவல்லி அத்தை சென்னையில் நர்ஸ் படிப்பு முடித்தவள். நாடு பிரிந்த வருடம், அகதிகள் முகாமில் ஆள் வேண்டும் என்று கேட்டபோது, மூன்று மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுக் குருக்ஷேத்திரத்துக்கு ரயிலேறினாள். அங்கேதான் வெள்ளை உடுத்திய அந்த ஆட்களைப் பார்த்தாள். சீக்கியர்களில் சேவாபந்திகள் என்று ஒரு சின்னக் கூட்டம். எப்போதோ ஒரு போரில் எதிரிப் படைக்காரனுக்கும் தண்ணீர் கொடுத்த ஒருவரின் வழி வந்தவர்கள். கல்யாணம் செய்துகொள்வதில்லை. காணிக்கை வாங்குவதில்லை, நாணலில் கயிறு திரித்து விற்றுத்தான் சாப்பாடு. நோயாளியிடம் நீ யார், எந்த மதம் என்று கேட்பதில்லை. முகாமில் சீழ் பிடித்த புண்ணைக் கழுவிக்கொண்டே அவர்கள் குருவின் பாட்டை முணுமுணுப்பதை அத்தை கேட்டாள்.

முகாம் கலைந்ததும் பட்டியாலா பக்கம் இருந்த அவர்களின் மடத்துக்கு அவர்கள் பின்னாலேயே போனாள். பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். அத்தை இரண்டாம் தடவை கேட்கவில்லை. மதிலுக்கு வெளியே ஒரு மண் அறை கட்டிக்கொண்டு, அவர்கள் விதிகளையெல்லாம் ஒன்று விடாமல் தானும் எடுத்துக்கொண்டாள். இரண்டாவது குளிர்காலத்தில் மடத்துப் பெரியவர் ஒரு கட்டு நாணலை அவள் வாசலில் போடச் சொல்லி அனுப்பினார். ஒரு வார்த்தை கிடையாது. “அதுதான் எனக்குத் தீட்சை” என்பாள் அத்தை. “புல்லுக்கட்டு. அதுக்கு மேல என்ன வேணும்?”

இதயம் கெட்டுப்போய் நடக்க முடியாமல் ஆனபோது அப்பா போய்க் கூட்டிவந்தார். கராஜைக் கொடுத்தால் வருகிறேன், சும்மா சாப்பிட மாட்டேன் என்றாள். ஆஷ்ஃபீல்டில் எங்கள் தெருவில் எந்தக் கொல்லைக்குப் போனாலும் அத்தை திரித்த துணிக்கொடிதான் என்று பத்மா சிநேகிதிகளிடம் சொல்வதுண்டு. ஒருமுறை பத்மாவைப் பெண் பார்க்க வந்த அம்மாள், வெள்ளையைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்காரர் தவறி ரொம்ப நாள் ஆச்சுங்களா?” என்று அத்தையிடம் உருக்கமாக விசாரித்தாள்.

“வரவே இல்லையேம்மா, எங்கேருந்து தவறுவான்?” என்றாள் அத்தை.

அந்த இடமும் தட்டிப்போனது.

வாசலில் ஒரு யூட், பின்பக்கம் திறந்த சின்ன லாரி, வந்து நின்ற சத்தம் கேட்டது. பத்மா எட்டிப் பார்த்தாள். உஜாகர் சிங். வடக்கே வூல்கூல்காவில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் பஞ்சாபி. சிட்னிச் சந்தைக்குப் பழம் ஏற்றி வரும்போதெல்லாம், வாழைத்தார் கட்ட அத்தையிடம் கயிறு வாங்கி, பதிலுக்குக் கோதுமை மாவும் பருப்பும் இறக்கிவிட்டு, கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் பாராயணத்தைக் கேட்டுவிட்டுப் போவார். இன்று யூட்டின் பின்னால், ஈரச் சாக்கில் வேர் சுற்றி, ஆளுயரத்துக்கு மேல் ஒரு வாழை. எட்டு மணி நேரக் காற்றில் இலையெல்லாம் நார்நாராகக் கிழிந்திருந்தது.

“மாப்பிள்ளை வந்திட்டார்” என்று சிவனேஸ்வரி அன்ரி பத்மாவின் காதருகே சொன்னாள். “பயணக் களைப்பு.”

உஜாகர் சிங் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். அவர் ஆங்கிலமும், நடுநடுவே தன்னை மகளே என்பதற்குப் ‘பேட்டி’ என்பதும் அத்தையைப் ‘பீபிஜி’ என்பதும் பத்மாவுக்குப் பழக்கம்தான். “உங்க அப்பா நேத்து போன் பண்ணினார் பேட்டி. நல்ல வாழையா ஒண்ணு வேருடன் வேணும்னார். எதுக்குன்னு நான் கேட்கலை. பீபிஜி இருந்த இடத்துல நடத்தானே? தோட்டத்துலயே நல்லதா பாத்துத் தோண்டினேன்.”

பத்மா அவரைக் கராஜ் வாசலில் உட்கார வைத்து அன்ரியின் தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். வாழை எதற்கென்று சொன்னாள். சுற்றி வளைக்காமல், நான்கே வாக்கியத்தில்.

அவர் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார்.

“நாலு வருஷம் நான் பீபிஜியோட இதுக்குச் சண்டை போட்டிருக்கேன்” என்றார் பிறகு. “எங்க குருமார்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்தாங்க. இல்லறத்தை விடப் பெரிசு எதுவும் இல்லைன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. நீங்க செய்யறது தப்புன்னு முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன். அவங்க என்ன சொல்வாங்க தெரியுமா? ‘அவ்வளவு பெரிசுன்னா வீட்டுக்குப் போ உஜாகரு, பெண்டாட்டி காத்திட்டிருப்பா. என் கராஜ்ல உட்காந்து ஏன் டீ குடிக்கறே?’”

சிரித்தவர், சிரிப்பு பாதியிலேயே நிற்க, தாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க அப்பாகிட்டச் சொல்லுங்களேன் அங்கிள். வாழையைத் திருப்பி எடுத்துட்டுப் போறேன்னு.”

“கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்கறது பேட்டி? அது உங்க வீட்டு விஷயம். அவர் பீபிஜியோட தம்பி. நான் கயிறு வாங்க வந்தவன்.” அவர் தலையை ஆட்டினார். “ஆனா சண்டைன்னா பதில் சொல்ற ஆளோட போடணும்.”

பெட்டி வந்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் கராஜுக்குள் இரண்டு முக்காலிகள் போட்டு அதன்மேல் வைத்து, மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருவில் வண்டியருகே போய் நின்றுகொண்டார்கள். பத்மாவும் சிவனேஸ்வரி அன்ரியும் அத்தையைத் துடைத்து, வெள்ளையை உடுத்தினார்கள். கை வளைந்து கொடுக்கவில்லை. அன்ரி “கொஞ்சம் பொறுங்கோ அக்கா, இந்தா முடிஞ்சுது” என்று உயிரோடு இருப்பவளிடம் பேசுவதுபோலப் பேசிப் பேசியே கையை நுழைத்தாள். உள்ளங்கை இரண்டிலும் கயிறு ஓடி ஓடித் தடித்த தோல், பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி. தலைத்துணியைப் பத்மா கட்டினாள். அத்தை கட்டுவதைத் தினமும் பார்த்தவளாதலால் முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

கொல்லையில் காலடிகள் கேட்டன. கதவிடுக்கில் பார்த்தாள். அப்பா வேட்டியும் கோட்டுமாக, வாழையைத் தோளில் அணைத்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் அம்மா. கையில் சிவப்புப் புடவை, அதன்மேல் தட்டு, தட்டில் குங்குமம், மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு.

பத்மா கராஜின் இரண்டு மரக்கதவையும் இழுத்துச் சேர்த்து உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.

“ஐயோ பிள்ளை, என்னை வெளியில விட்டிட்டுப் பூட்டன்” என்றாள் அன்ரி. பிறகு பத்மாவின் முகத்தைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “சரி. நான் ஒண்டும் காணேல்லை.”

“பத்மா.” அப்பாவின் குரல். “கதவைத் திற.”

“திறக்கறேன்பா. வாழையும் தட்டும் உள்ள வராதுன்னு சொல்லுங்க, திறக்கறேன்.”

“பாத்தீங்களா? புடிச்சிருச்சு!” அம்மா அலறினாள். “நான் சொன்னேனே, இப்பவே இவளைப் புடிச்சிருச்சு!”

“பேய் இல்லை அக்கா, நானும் உள்ளுக்கைதான் இருக்கிறன்” என்று அன்ரி குரல் கொடுத்தாள்.

“உனக்காகத்தாண்டி பண்றோம்! நாலு இடம் தட்டிப் போச்சேடி!”

“தானாத் தட்டிப் போகலைம்மா. மூணை நான்தான் வேணாம்னு சொல்லி அனுப்பினேன். ஒருத்தன் அத்தையைப் பாத்துப் பயந்து ஓடினான். ஓடட்டும்.” தன் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பத்மாவுக்கே தெரியாது; தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. “எனக்குக் கல்யாணம் வேணுமா வேணாமான்னு எனக்கு இன்னும் தெரியலை. தெரிஞ்சா நானே வந்து சொல்றேன். ஆனா அத்தைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. என் வயசுலயே தெரிஞ்சிருந்துச்சு. முப்பது வருஷமா யார் வந்து கேட்டாலும் வேணாம்னு சொன்னவங்களை, வாயைத் திறக்க முடியாத நேரமாப் பாத்து, கழுத்துல கட்டறீங்களே. நாளைக்கு நான் இப்படியே செத்தா எனக்கும் ஒரு வாழை வருமா?”

“வாயைக் கழுவுடி!”

வாழையிலை கதவில் உரசும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அப்பா பேசினார். கதவுக்கு மிக அருகில், கதவிடம் சொல்வதுபோல.

“எனக்கு அப்போ பதினேழு வயசு. அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சு, பந்தல்காரனுக்கு அச்சாரம் குடுத்தாச்சு. போய் அக்காவைக் கையோட கூட்டிட்டு வாடான்னு தாத்தா என்னை அனுப்பினார். மெட்ராஸைத் தாண்டி ஒரு ஊர் தெரியாது எனக்கு. மூணு நாள் ரயில்ல போனேன். முகாம்ல வரிசையா ஆளுங்க படுத்திருக்காங்க. நடுவுல அக்கா. ஓடிப் போய்க் கையைப் பிடிச்சேன். வா அக்கான்னு அழுதேன். அவ எனக்குத் தண்ணி குடுத்தா, பத்மா. அந்த வரிசையில இருந்த எல்லாருக்கும் எப்படிக் குடுத்தாளோ அப்படியே குடுத்தா. எனக்குன்னு ஒரு முழுங்கு அதிகம் இல்லை. கூடப் பொறந்தவன்னு ஒரு பார்வை இல்லை.”

பத்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அத்தையின் முகம் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

“தனியாத்தான் திரும்பி வந்தேன். தாத்தா சாகற வரைக்கும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். என்னிக்காவது அவளுக்கு ஒரு தாலி ஏறணும், நீ பாத்துக்கோன்னார். அவர் கையில அடிச்சு வாக்குக் குடுத்தேன்.”

பத்மா தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அழுது அவள் கேட்டதில்லை. இப்போதும் அழுகிறாரா என்று தெரியவில்லை.

“நீங்க குடுத்தது உங்க வாக்குப்பா” என்றாள். “அத்தை குடுத்த வாக்குன்னு ஒண்ணு இருக்கு. அதைக் காப்பாத்தி முடிச்சுட்டுப் படுத்திருக்காங்க. உங்களோடதுக்காக அதை உடைக்க நான் விட மாட்டேன்.”

தெருப்பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கறுப்புக் கோட்டுக்காரர் நேரமாகிறது என்று மரியாதையாக நினைவூட்டினார். உஜாகர் சிங் எங்கோ மதிலோரம் நின்று தங்கள் குருவின் பாட்டைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தச் சச்சரவு முழுவதிலும் அவர் நிறுத்தவேயில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

தொப்பென்று ஏதோ விழுந்தது.

“வாழை வராது” என்றார் அப்பா. “திற.”

பத்மா திறந்தாள். வெயில் பாய்ந்து உள்ளே வந்தது. வாழை கொல்லைப் புல்லில் குறுக்கே கிடந்தது. ஆனால் தட்டு அப்படியே அம்மாவின் கையில் இருந்தது. அம்மா அதை நீட்ட, அப்பா வாங்கிக்கொண்டார்.

நான்கு வருடமாக அவர் கராஜுக்குள் நுழைந்ததில்லை. எது வேண்டுமானாலும் வாசலில் நின்று கூப்பிடுவதோடு சரி. இப்போது கோட்டும் வேட்டியுமாக வாசற்படி தாண்டி வந்தார். பத்மா பெட்டிக்கு முன்னால் நகர்ந்தாள். கையைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டாள்.

“என்னைத் தாண்டித்தான்பா போகணும்.”

அன்ரி கட்டிலிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் பத்மாவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அப்பா இருவரையும் பார்க்கவில்லை. அவர்களின் தோள்களுக்கு நடுவில் தெரிந்த முகத்தைப் பார்த்தார். வெள்ளைத் துணி இறுக்கிய நெற்றி, மூடிய கண்கள். மார்பின்மேல் வைத்திருந்த கைகளைப் பார்த்தார். மஞ்சள் கயிற்றைத் தட்டிலிருந்து எடுத்து, விரலிடையில் வைத்து, திரித்த முறுக்கைச் சோதிப்பதுபோல ஒருமுறை உருட்டினார். மறுபடி தட்டில் போட்டார். தட்டை ஆணி டப்பாக்களுக்கு நடுவில் இடம் பார்த்து வைத்தார்.

பெட்டியின் கால்மாட்டில் துணி விலகி ஒரு பாதம் வெளியே தெரிந்தது. அவசரத்தில் பத்மா கவனிக்கவில்லை. அப்பா குனிந்து அந்தத் துணியை இழுத்துப் பாதத்தை மூடி, ஓரத்தை அடியில் செருகிவிட்டார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல. பிறகு நிமிர்ந்து வெளியே நடந்தார்.

“எங்கே போறீங்க?” என்றாள் அம்மா. “ஏங்க, நீங்க இல்லாம யாரு கொள்ளி வைக்கிறது?”

அவர் திரும்பவில்லை. புல்லில் கிடந்ததைச் சுற்றிக்கொண்டு, உஜாகர் சிங்கைக் கடந்து, தெருவுக்கு வந்தார். அவரைக் கண்டதும் சவ வண்டியோட்டி தொப்பியைக் கழற்றிவிட்டு, தன் பக்கத்தில் இறந்தவருக்கு நெருங்கியவர் உட்காரும் இருக்கையின் கதவைத் திறந்துவிட்டான். அப்பா அந்தக் கதவையும் கடந்து, ரயில் நிலையம் இருக்கும் திசையில் நடந்து, மூலையில் திரும்பினார்.

வண்டியோட்டி ஒரு கையில் தொப்பியும் மறு கையில் திறந்த கதவுமாகக் கொஞ்சநேரம் அந்த மூலையைப் பார்த்தான். பிறகு கராஜ் பக்கம் திரும்பி, கதவைச் சாத்தாமல், பத்மாவைப் பார்த்தபடி நின்றான்.